கடல் உயிரியின் பெயரில் வரகூர்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தொல்லுயிர்ச் சிற்றினப் பெயர்களும் இடப்பெயராய்வும்

ஆய்வுச் சுருக்கம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிரெட்டேசியக் காலப் பாறைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பல கடல் உயிரிகள் புதிய சிற்றினங்களாக விவரிக்கப்பெற்றன. அவற்றுள் சிலவற்றின் அறிவியற் பெயர்களில் இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அப்பெயர்களின் எழுத்து வடிவத்தை விலங்குப் பெயரீட்டு விதிகள் மாற்ற இசைவதில்லை. ஆகவே சிதைந்த வடிவிலிருந்து உரிய ஊரை மீட்டறியும் பணி இடப்பெயராய்வையும் பாட ஆய்வையும் சார்ந்து நிற்கிறது. சிற்றின விவரிப்பு என்னும் உரைவகையின் இயல்பை விளக்கி, அப்பணியின் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிற்றின விவரிப்பு, பெயர்தாங்கி, அம்மோனைட்டு, ஐசோபோடு, இடப்பெயர், பாடபேதம்

முன்னுரை

இந்தோனேசியாவின் சாவகத் தீவுக்குத் தெற்கே 2018இல் நடைபெற்ற ஆழ்கடல் ஆய்வுப் பயணத்தில் ஓரடிக்கு மேல் நீளமுடைய, பதினான்கு கால்கள் கொண்ட ஓர் உயிரி பிடிபட்டது. 2020இல் சிடபாலோக், வோங், இங் ஆகிய மூவரும் அதனைப் புதிய சிற்றினமாக விவரித்துப் பாத்தினோமஸ் ராக்சாசா எனப் பெயரிட்டனர். இந்தோனேசிய மொழியில் ராக்சாசா என்பது பேருருவத்தைக் குறிக்கும் சொல். இராக்கதன், ராட்சதன் என நாம் வழங்குவதும் அவ்வேரிலிருந்து வந்ததே. இவ்வுயிரி ஐசோபோடா என்னும் வரிசையைச் சார்ந்தது. ஐசோபோடா என்ற கிரேக்கச் சொற்சேர்க்கை ‘ஒத்த கால்கள்’ எனப் பொருள்படும். ஏழு இணை நடைக்கால்களும் ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்த ஓட்டுடலிகள் இவை. ஈரமான கல்லைப் புரட்டினால் அதனடியில் சுருண்டு உருளும் சிற்றுயிர்கள் இவற்றின் நிலவாழ் உறவினர்.

நம் கடலின் ஐசோபோடுகளும் நெடுங்காலத்துக்கு முன்னரே இவ்வாறு விவரிக்கப்பெற்றன. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆராய 1902இல் இலங்கைக்கு வந்த ஹெர்ட்மன் திரட்டியவற்றை ஆங்கில அறிஞர் ஸ்டெப்பிங் ஆராய்ந்து 1905இல் அறிக்கை வெளியிட்டார். பவளப்பாறை இடுக்கிலோ ஆழ்கடல் சேற்றிலோ கிடைத்த உயிரியொன்று ‘புதியது’ என ஏற்கப்படுவதற்கு அதனைக் கண்டெடுத்தல் மட்டும் போதாது. அதைப் பற்றி ஓர் உரை எழுதப்பட வேண்டும். அவ்வுரை அச்சேறிய நாளே அச்சிற்றினத்தின் பெயர் பிறந்த நாள்.

இவ்வுரைவகை தமிழாய்வாளர்க்கு அயலானதாகத் தோன்றலாம். ஆயினும் கடலோரத்திலிருந்து நெடுந்தொலைவு உள்ளே அமைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ப்பெயர்கள் சில, இத்தகைய உரைகளின் வழியாகவே உலகெங்கும் சென்று வழங்குகின்றன. வரகு விளையும் ஊர் என்று பொருள் கொள்ளத்தக்க வரகூர், ஒரு கடல் உயிரியின் பெயரில் உறைந்திருக்கிறது. அது எங்ஙனம் நேர்ந்தது என்பதும், அதனால் நமக்கு எழும் பணி யாது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

விவரிப்பு என்னும் உரைவகை

சிற்றின விவரிப்பு இறுக்கமான கட்டமைப்புடைய உரை. முதலில் பெயர், அடுத்து அப்பெயரைத் தாங்கும் மாதிரி, அது வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகம், அது கிடைத்த இடம், வேறுபாட்டுக் குறிப்பு, உறுப்பு உறுப்பாக விரியும் விவரிப்பு, பெயர்க்காரணம் என அது அமையும். ஐசோபோடுகளுக்கு எழுதப்படும் விவரிப்பில் உணர்கொம்பின் கணுக்களும், ஒவ்வோர் இணைக் காலின் முட்களும், வால்தகட்டின் விளிம்பும் தனித்தனியே வரையப்பெறும். புறத்தார்க்கு அது சலிப்பூட்டும் பட்டியல். துறையறிந்தவர்க்கோ அதில் ஒரு முள் கூடினும் குறையினும் வழக்கே மாறும்.

இவற்றுள் வேறுபாட்டுக் குறிப்பும் விவரிப்பும் ஒன்றல்ல. நம் உரையாசிரியர் மரபு அடைமொழியை இருவகைப்படுத்தும்: தன்னோடு இயைபின்மை நீக்கியது ஒன்று, பிறிதினியைபு நீக்கியது மற்றொன்று. வேறுபாட்டுக் குறிப்பு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. ஓர் உயிரிக்கு உள்ள பண்புகள் அனைத்தையும் அது கூறுவதில்லை. நெருங்கிய இனங்களிலிருந்து அதனைப் பிரிப்பவற்றை மட்டும் கூறும். சேனாவரையரைப் பயின்ற மாணவர் ஒருவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க ஒரு தொடர் போதும்.

பெயர்தாங்கி மாதிரி என்பதும் அவ்வாறே நமக்குப் பழகிய கருத்து. சிற்றினத்தைப் பற்றிய ஐயம் எழுமிடத்து, எழுதப்பட்ட சொற்களையும் கடந்து, அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஒற்றை மாதிரியிடமே திரும்பிச் செல்ல வேண்டும். பதிப்பில் ஐயம் நேர்ந்தால் மூலச்சுவடியை நாடுவது போன்றது அது. சுவடி எங்குப் படியெடுக்கப்பட்டது என்பது பதிப்பாசிரியர்க்கு எவ்வளவு இன்றியமையாததோ, மாதிரி எவ்விடத்தில் எடுக்கப்பட்டது என்பதும் உயிரியலார்க்கு அவ்வளவு இன்றியமையாதது. இவ்விடத்தைப் ‘பெயர்நிலம்’ என இக்கட்டுரை குறிக்கிறது. 1999க்குப் பின் முன்மொழியப்படும் சிற்றினங்களுக்குப் பெயர்தாங்கியை வெளிப்படையாகச் சுட்டுதல் கட்டாயம். 19ஆம் நூற்றாண்டில் அக்கட்டாயம் இல்லை. அதன் விளைவுகளைப் பின்னர்க் காண்போம்.

பாறையும் திரட்டியோரும்

கிரெட்டேசியக் காலத்தில் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. அது பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் விட்டுச்சென்ற படிவுகள் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பில் இன்றும் வெளிப்பட்டுள்ளன. அருகிலுள்ள கல்லக்குடியின் சுண்ணப்பாறையில் பவளங்களும் சுண்ணப் பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டுகள் உண்டு. அரியலூர் மாவட்டத்தின் நின்னியூர்ச் சுண்ணப்பாறைகளிலிருந்து கிடைத்த பாசிகளை இராம ராவும் ஆஸ்திரிய அறிஞர் பியாவும் 1936இல் விவரித்தனர். வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடையாளங்கள் இவை. சாத்தனூரின் கல்லான மரம் 1940இல் எம். எஸ். கிருட்டிணன் வழியாக வெளிவந்தது. மக்கள் பெரிதும் அறிந்தது அதுவே எனினும், அம்மரமும் ஆற்றுவழியாகக் கடலுக்கு அடித்துவரப்பட்டுப் படிந்ததே.

இக்கடலில் வாழ்ந்தவற்றுள் ஆய்வாளர்க்கு மிகுதியும் கைகொடுத்தவை அம்மோனைட்டுகள். கணவாய்க்கும் நாட்டிலசுக்கும் உறவுடைய இவை, ஒரே தளத்தில் சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்தன. தடித்த ஓடு கல்லில் எளிதில் பதியும். ஐசோபோடுகளின் மெல்லிய தோடு அங்ஙனம் நிற்பது அரிது. அவை தோடு கழற்றும்போது பின்பாதியை முதலிலும் முன்பாதியைப் பின்னரும் கழற்றுவதால், கல்லில் எஞ்சும்போதும் பெரும்பாலும் பாதியுடலாகவே எஞ்சுகின்றன. ஆகவே இப்பகுதியின் பெயர்வரலாறு அம்மோனைட்டுகளின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை இலண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அடுத்து இந்திய நிலப்பொதியியல் அளவைத் துறையின் பிளான்ஃபோர்டு இந்நிலப்பகுதியை அளந்து 1862இல் அறிக்கை எழுதினார். ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்ற பாறைப் பகுப்பு அவர் வகுத்தது. பெயர்கள் மூன்றும் இன்றுவரை வழக்கில் உள்ளன. திரண்ட மாதிரிகளை விவரிக்கும் பெரும்பணி கொல்கத்தாவில் பெர்டினண்டு ஸ்டோலிஸ்காவிடம் வந்தது. மொராவியாவில் 1838இல் பிறந்து, 1862இல் அளவைத் துறையில் சேர்ந்த அவர், தென்னிந்தியக் கிரெட்டேசிய விலங்குகளைப் பற்றிய நான்கு பெருந்தொகுதிகளை 1873க்குள் முடித்தார். மறு ஆண்டே யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் மறைந்தார். 1895 முதல் 1898 வரை வியன்னாவின் பிரான்சு கோஸ்மாத் மீண்டும் இவ்வினங்களை ஆராய்ந்து எழுதினார்.

தெய்வங்களிலிருந்து ஊர்களுக்கு

ஃபோர்ப்ஸ் இட்ட பெயர்களை நோக்கினால் ஒரு தேவசபையே கூடியிருப்பது போலத் தோன்றும். பிரமன், விட்டுணு, சிவன், இந்திரன், சூரியன், வருணன் ஆகிய பெயர்கள் அம்மோனைட்டுகளுக்குச் சூட்டப்பட்டன. அவற்றுள் பிரமனின் பெயர் பிற்காலத்தில் ஒரு பேரினப் பெயராகவே வளர்ந்து, பிரமைட்டஸ் பிரம்மா என இன்று வழங்குகிறது. இப்பெயர்களில் நிலம் இல்லை. இலண்டனில் அமர்ந்து பெட்டியைத் திறந்தவர்க்கு இந்தியா என்றால் நினைவுக்கு வந்தது புராணம்.

பிளான்ஃபோர்டின் அளவைக்குப் பின் நிலை மாறியது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஊர்க்குறிப்பு வந்தது. ஸ்டோலிஸ்கா 1865இல் விவரித்த ஒன்று அரியலூரின் பெயர் பெற்று, இன்று அனாபாக்கிடிஸ்கஸ் அர்ரியலூரென்சிஸ் எனப்படுகிறது. கோஸ்மாத் 1895இல் விவரித்தவற்றுள் ஒன்று காட்ரிசெரஸ் வரகுரென்சே. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்து வரகூரே அதன் பெயரில் உள்ளது. அவ்வட்டத்தைச் சார்ந்த ஒதியம், ஒதிய மரத்தை நினைவூட்டும் பெயருடைய ஊர். அது பியூசோசியா ஒடியென்சிஸ் என்பதில் இருக்கிறது. ஊட்டத்தூர் உட்டாட்டுரிசெரஸ் என்னும் பேரினத்துக்கே பெயராயிற்று. ஊற்றத்தூர் என்ற பழைய வடிவத்தை அறிந்தவர்க்கு, ஊற்றைக் குறித்த அச்சொல் கடலுயிரியின் பெயரில் போய்ச் சேர்ந்தது வியப்பளிக்கும்.

‘என்சிஸ்’ என்பது ‘அவ்விடத்துக்குரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் விகுதி. பேரினப் பெயரின் பாலுக்கேற்ப அது மாறும். ‘செரஸ்’ என முடியும் பேரினப் பெயர் இலத்தீன் இலக்கணப்படி அலிப்பால் ஆதலின் வரகூர் ‘வரகுரென்சே’ எனச் சே பெற்றது. ‘டிஸ்கஸ்’ ஆண்பால் ஆதலின் அரியலூர் ‘அர்ரியலூரென்சிஸ்’ எனச் சிஸ் பெற்றது. நம் ஊர்ப்பெயர்கள் பிறமொழி இலக்கணத்தின் பால் இயைபுக்கு உட்பட்டு நிற்கும் இடம் இது. பெயரினை அடுத்து ஸ்டோலிஸ்காவின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். அவர் அதனை அம்மோனைட்டிஸ் என்ற பேரினத்தில் வைத்தார் என்பதையும், பின்வந்தோர் வேறு பேரினத்துக்கு மாற்றினர் என்பதையும் அவ்வடைப்புக்குறி அறிவிக்கிறது. அச்சுப்பிழையென எண்ணி அதனை நீக்கிவிடும் பதிப்பாளர்கள் உண்டு.

இவ்வகைப் பெயர்களுள் ஆர்வமூட்டுவது கரபாடைட்டஸ் கரபாடென்சிஸ். கோஸ்மாத் இட்ட சிற்றினப் பெயர் கரபாடென்சிஸ். அதே ஊரிலிருந்து பேரினப் பெயரையும் படைத்தவர் பிரெஞ்சு அறிஞர் கொலின்யோன். ஊர்ப்பெயர் இருமுறை வந்து, ‘அவ்வூரதாகிய அவ்வூரான்’ என்பது போல ஒலிக்கிறது. கொலின்யோன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை மடகாஸ்கரின் அம்மோனைட்டுகளுக்குச் செலவிட்டவர். அத்தீவின் கம்பானியக் காலப் பாறைகளை அவர் மண்டலங்களாகப் பகுத்தபோது, அரியலூரின் பெயர்கொண்ட சிற்றினமும் கரபாடென்சிசும் அம்மண்டலங்களுக்குப் பெயராயின. மடகாஸ்கரில் ஒரு பாறையின் காலத்தைச் சொல்ல இன்றும் நம் ஊர்ப்பெயர்களை உச்சரிக்க வேண்டியுள்ளது. இந்தியாவும் மடகாஸ்கரும் நெருங்கியிருந்த காலத்துக் கடல், இரு கரைகளிலும் ஒரே உயிரிகளை விட்டுச் சென்றதன் விளைவு இது.

திருத்தவியலாத எழுத்து

அரியலூர் என்பதில் இடையின ரகரம் ஒன்றே. ஸ்டோலிஸ்காவின் பெயரில் உரோம எழுத்து ‘ஆர்’ இரட்டித்திருக்கிறது. ஊகாரத்துக்கு ‘ஓ’ இருமுறை இடப்பட்டுள்ளது. பிழையென்று தெரிந்தும் இதனைத் திருத்த இயலாது. முதலில் அச்சான எழுத்து வடிவமே நிலைபெறும் என்பது விலங்குப் பெயரீட்டு விதித்தொகுப்பின் நெறி. கைப்பிழை என அவ்வெளியீட்டிலேயே தெளிவாகத் தெரிந்தால் திருத்தலாம். பிழையான ஒலிபெயர்ப்பைக் கைப்பிழையாகக் கொள்ளலாகாது என அவ்விதி வெளிப்படையாகவே கூறுகிறது. தமிழ் ஒலிப்பை முறையாக அறிந்த ஒருவர் இன்று ‘சரியான’ வடிவத்தை முன்மொழிந்தால் அது ஏற்கப்படாது.

இதனை இழப்பாக மட்டும் கருத வேண்டியதில்லை. மாறாத எழுத்து ஒரு சான்றாவணமும் ஆகும். ஸ்டோலிஸ்கா ஆங்கில அளவையாளரின் செவிவழி எழுத்துமுறையைப் பின்பற்றினார். ஊகாரத்துக்கு இரட்டை ‘ஓ’ அம்முறையின் அடையாளம். முப்பது ஆண்டு கழித்து எழுதிய கோஸ்மாத் வரகூரின் ஊகாரத்துக்கு ஒற்றை ‘யூ’ எழுதுகிறார். 1870களுக்குப் பின் பரவிய ஹண்டரின் ஒலிபெயர்ப்பு முறைக்கும் செருமன் மொழி வழக்கத்துக்கும் அது ஒத்தது. ஒரு பெயரின் எழுத்தைக் கொண்டே அது எந்த மரபின் வழி வந்தது என ஓரளவு கணிக்கலாம். கல்வெட்டில் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதற்கு இது தொலைவானதன்று.

சிக்கல் எழுவது ஊரையே அடையாளம் காண முடியாதபோது. கரபாடென்சிஸ் என்பதன் உரோம எழுத்து நெடில் குறிலைக் காட்டாது. கரப்பாடி, காரப்பாடி, காரைப்பாடி என எவ்வாறும் படிக்க இடந்தரும். அண்மையில் காரை என்னும் ஊரும் இருப்பதால், எழுத்தை மட்டும் நம்பி முடிவு கூற முற்படுவது துணிச்சலாகும்.

இதனினும் கடினமானது ஊட்டகோடென்சிஸ். 1865இல் ஸ்டோலிஸ்கா விவரித்த இச்சிற்றினத்தின் பெயர் ‘ஊட்டகோடு’ என்றோ ‘ஓட்டகோடு’ என்றோ படிக்கத்தக்க ஓர் ஊரிலிருந்து வந்தது. கோடு என்னும் ஈறு இப்பகுதி ஊர்ப்பெயர்களில் அரிது. அரியலூரை அடுத்து ஓட்டக்கோவில் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள பாறைப் படிவுக்கும் அவ்வூர்ப் பெயரே வழங்குகிறது. ‘கோவில்’ பேச்சில் ‘கோயில்’ ஆகும். அது ‘கோடு’ ஆவதற்கு ஒலியியலில் வழியில்லை. கையெழுத்தில் வழியுண்டு. கோயில் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது இறுதியில் வரும் ‘ஐ’, ‘எல்’ என்னும் இரு எழுத்துகளை நெருக்கி எழுதினால், அவை ஒன்றிணைந்து ‘டி’ போலத் தோன்றும். களத்தில் எழுதிய சீட்டைக் கொல்கத்தாவில் படித்தவர் ‘கோயில்’ என்பதைக் ‘கோடு’ எனப் படித்திருக்கக் கூடும். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் ரகரத்தையும் காலையும் மயங்கியதால் பிறந்த பாடபேதங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். இதுவும் அவ்வகையது என்பது என் ஊகம். களக்குறிப்பேடும் அளவை வரைபடமும் ஒப்புநோக்கப்பட்ட பின்னரே அது முடிவாக முடியும்.

ஊகமாயினும் இதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. பெயர்நிலம் எது என அறிந்தால்தான் மாதிரி எந்தப் படிவிலிருந்து வந்தது எனக் கூற முடியும். அரியலூர்த் தொகுதியில் அடுத்தடுத்த படிவுகள் வெவ்வேறு காலத்தவை. ஊர் பிழைத்தால் காலம் பிழைக்கும்; அப்பெயரைக் கொண்டு பிற நாடுகளில் கணிக்கப்படும் காலமும் உடன் பிழைக்கும். பழைய வெளியீடுகள் இப்பகுதி முழுவதையும் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றே குறிக்கின்றன. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டு இணைந்து, 2007இல் மீண்டும் தனித்தது. இவ்வரலாறு அறியாத வெளிநாட்டு ஆய்வாளர், பெயர்நிலத்தைத் திருச்சிராப்பள்ளி நகர எல்லையில் தேடுவதும் நேர்வதே.

தமிழில் விவரித்தல்

பெயர் இலத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும் என்பது விதி. விவரிப்பு எந்த மொழியில் அமைய வேண்டும் என்பதற்குக் கட்டாயம் இல்லை. பரவலாக வழங்கும் மொழியில் வேறுபாட்டுக் குறிப்பைத் தருக என்பது பரிந்துரை மட்டுமே. வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களால் கூறியிருத்தல் போதுமானது. எனவே தமிழில் எழுதப்படும் சிற்றின விவரிப்பு, பிற நிபந்தனைகள் நிறைவுற்றால், விதிப்படி செல்லும். இதனைத் தமிழாய்வாளர் பலரும் அறியார், உயிரியலாரும் நினைவுகூர்வதில்லை.

சொல்வளம் உண்டா என்பதே உண்மையான வினா. அம்மோனைட்டின் ஓட்டில் நடுப்பள்ளத்தை இலத்தீனில் தொப்புள் என்ற சொல்லால் குறிப்பர். கொப்பூழ் என்பது அதற்கு நேர். ஓட்டின் ஒவ்வொரு வளைவையும் சுற்று எனலாம். புடைத்தெழும் வரம்பு விலா. காட்ரிசெரஸ் பேரினத்தில் காணப்படும் நுண்ணியவை மயிரிழை வரிகள். வலம்புரி, இடம்புரி என்னும் சங்குச் சொற்கள் நத்தை வகைகளுக்கு அப்படியே பொருந்தும். ஒரே தளத்தில் சுருளும் அம்மோனைட்டுக்குப் பொருந்தா. அதற்குத் ‘தளச்சுருள்’ எனப் புதுச்சொல் வேண்டும். ஐசோபோடுகளுக்கோ கணு, தகடு, முள், கொம்பு என நண்டுக்கும் இறாலுக்கும் வழங்கும் சொற்களே பெரும்பகுதி உதவும். கலைச்சொல்லைக் காட்டிலும் கடினமானது நடை. வினைமுற்றின்றிப் பெயரும் அடையுமாக அடுக்கிச் செல்லும் விவரிப்பு நடைக்கு, நிகண்டும் மருத்துவச் சுவடியும் நமக்கு முன்மாதிரி தரக்கூடும். அவ்வழியில் முயல்வோர் இன்னும் அரியர்.

2020இல் குன்னம் பகுதிக் குளமொன்றில் மண் எடுக்கும்போது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் சமூக ஊடகங்களில் பரவின. அவை படிவுக் கற்றிரள்கள் எனப் பாறையியலார் விளக்கினர். முட்டை என்ற சொல் மக்களிடம் இருந்தது; அம்மோனைட்டு என்ற சொல் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வட்டத்து ஊர்களின் பெயரால் உலகம் உயிரிகளைக் குறித்து வந்தும், அவ்வூர்களில் அச்செய்தி சென்று சேரவில்லை. வாரணவாசியில் அமைந்த தொல்லுயிர் அருங்காட்சியகம் இக்குறையை ஓரளவு போக்குகிறது. ஃபோர்ப்ஸின் மாதிரிகள் இலண்டனிலும் ஸ்டோலிஸ்காவின் மாதிரிகள் கொல்கத்தாவிலும் உள்ளன.

இடப்பெயராய்வு மேற்கொள்ளும் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் இங்குச் செய்யத்தக்க பணி அளவிற் சிறியது. பிளான்ஃபோர்டு, ஸ்டோலிஸ்கா, கோஸ்மாத் ஆகியோர் குறித்த ஊர்ப்பெயர்களை அவர்கள் எழுதியவாறே தொகுத்து, அளவை வரைபடங்களுடனும் வருவாய்க் கிராமப் பட்டியலுடனும் ஒப்பிட்டு, ஊரார் ஒலிப்பைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். ஏரி, ஓடை, சிற்றூர்ப் பெயர்களையும் விடலாகாது. மாதிரிகள் பல ஓடைக்கரைகளில் எடுக்கப்பட்டவை. கல்லங்குறிச்சியின் சுண்ணப்பாறை சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டப்பட்டு வருகிறது. சுரங்கம் விரியும் இடங்களில் ஓடையின் பெயரும் அதனை அறிந்த முதியவரும் உள்ளவரை மட்டுமே இத்தொகுப்பு இயலும். ஊட்டகோடு ஓட்டக்கோவில்தானா என்னும் வினாவுக்கும் அங்கேயே விடை தேட வேண்டும்.